இருபத்தைந்து பேருக்கு ஒரு கிண்ணம் அவல்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

மீரா, வயது இருபத்திரண்டு, விண்ணப்பதாரர்.

பாம்பின் மேல் படுத்திருக்கும் பத்மநாபசுவாமி, பக்கத்தில் தேவியர் இருவர், நாபித் தாமரையில் பிரம்மா. பிரம்மாவுக்குத் தலை நான்கு. படத்தில் தெரிவது மூன்று.

ஆறு முகத்தோடு முருகன், இரண்டு பக்கமும் வள்ளி, தெய்வானை.

குருவாயூரப்பன், தனியாக.

பட்டாபிஷேகக் கோலத்தில் ராமர், சீதை, தம்பிகள் மூவர், விபீஷணன், முனிவர்கள் இருவர். குரங்குகள் கணக்கில் வரவில்லை.

சாலைக் கடைத்தெரு நகைக்கடை ஒன்றின் காலண்டரில், கழுத்து நிறைய நகையோடு ஒரு கல்யாணப் பெண்.

பிள்ளையார். இவரும் கணக்கில் வரவில்லை.

ஆக மொத்தம் இருபத்தைந்து பேர்.

எண்ணியது மீரா இல்லை. அவளுடைய லேப்டாப்பில் ஓடிய கண்காணிப்பு மென்பொருள். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஓவியமும் படைப்பு ஊடகமும் படிக்க வருடத்துக்கு இரண்டு பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்கிறது. வந்த விண்ணப்பங்களில் பதினொரு பேரைப் பொறுக்கியிருந்தார்கள். அனுப்பிய படங்களை அவரவர்தான் வரைந்தார்களா என்று பார்க்க, வீட்டிலிருந்தே முக்கால் மணி நேரம் வரைந்து காட்ட வேண்டும். விண்ணப்பதாரர் தனி அறையில் இருக்க வேண்டும். கதவு பூட்டியிருக்க வேண்டும். வேறு முகமோ குரலோ வந்தால் தேர்வு ரத்து. பத்தரைக்கு அறைச் சோதனை. பத்தே முக்காலுக்குள் அறை தேறவில்லை என்றால் வராதவர் என்று எழுதி மூடிவிடுவார்கள். மறுபடி கேட்க முடியாது.

மீராவும் மறுபடி கேட்கிற நிலைமையில் இல்லை. எஞ்சினியரிங்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டவள். அப்பா பஞ்சாபகேசன் தணிக்கை அலுவலகத்தில் சூப்பரின்டென்டெண்ட். மகள் படிப்பை விட்டதற்கு அவர் கத்தவில்லை. காரணத்தை எழுத்துமூலம் கேட்டார். அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இதுலே காரணம் எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார். உதவித்தொகை விஷயத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால், தம்பானூரில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்து அரசாங்க கிளார்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். அந்தப் படிவத்தை அவரே பூர்த்தி செய்துவிட்டார். கையெழுத்து போடும் இடம் மட்டும் காலி. நான்கு மூலையிலும் குங்குமம் தொட்டு, பத்மநாபசுவாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். பகவானிடம் அவர் என்ன கேட்டிருந்தார் என்பது மீராவுக்குத் தெரியாது. ஊகிக்க முடிந்தது.

பூஜை அறையில் தேர்வு எழுதுவது யாருடைய ஆசையும் இல்லை. ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீடு, வாசலில் நின்று ஊதினால் கொல்லையில் விளக்கு அணைகிற வீடு. ஓர் அறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும். நடுவில் கதவு கிடையாது, திரைச்சீலைதான். கதவு உள்ளவை இரண்டே: குளியலறையும் பூஜை அறையும். குளியலறையில் நெட் கிடைக்காது. பூஜை அறையில் வெள்ளமாகக் கிடைக்கும். ஏனென்றால் பக்கத்து வீட்டு ஷைலஜா சேச்சியின் ரௌட்டர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. போன ஓணத்துக்குச் சேச்சி பாஸ்வேர்டு கொடுத்தாள். அன்றிலிருந்து அம்மா நாகலக்ஷ்மி அவளுக்கு மாதாமாதம் ரசப்பொடி கொடுக்கிறாள்.

அப்பா நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நாற்காலி கூடாது, பகவானுக்கு மேலே உட்காரக் கூடாது. ஒன்பதே முக்காலுக்குத் தன் பூஜை முடிந்த பிறகுதான் அறை கிடைக்கும். அதனால் மீரா அறையை முன்கூட்டிக் காமிராவில் சுற்றிக் காட்டிப் பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தாள், குளித்தாள், இரண்டு மணி நேரம் தூங்கினாள். பத்தேகாலுக்குத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை ஒரு மணையின் மேல் வைத்தாள்.

பத்தரைக்கு லேப்டாப்பைத் தூக்கி நான்கு சுவர்களையும் காட்டினாள். திரையில் சிவப்புக் கட்டங்கள் முளைத்தன. ஒன்று, இரண்டு, ஆறு, பதினான்கு. பட்டாபிஷேகத்தில் வந்தபோது கொட்டித் தீர்த்தது.

அந்தப் பக்கமிருந்து தேர்வைக் கண்காணிக்கும் ஒரு வாலிபனின் குரல் ஆங்கிலத்தில் சொன்னது: "மற்றவர்களை வெளியே அனுப்புங்கள்."

"வேற யாரும் இல்லை சார்."

"இருபத்தினாலு பேர் இருக்கிறார்கள் மேடம்."

மீரா திரும்பிப் பார்த்தாள். இருந்தார்கள்.

இதில் அவளுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. இரண்டு வருடமாகக் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு முழுவதும் அவள் செய்கிற வேலையே இதுதான். புகைப்படங்களில் முகங்களைச் சுற்றிக் கட்டம் போடுவது. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து முகம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும். கண் இரண்டு, மூக்கு ஒன்று, வாய் ஒன்று தெரிந்தால் கட்டம். மனிதனா, சிலையா, சுவரொட்டியா என்று யோசிக்க உனக்குச் சம்பளம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பஸ்ஸின் பின்னால் ஒட்டிய அரசியல்வாதிக்கும், டீக்கடைக் காலண்டர் முருகனுக்கும் அவள் கட்டம் போட்டிருக்கிறாள். முருகனுக்கு ஆறு. பிள்ளையாருக்குப் போட்டதில்லை, தும்பிக்கை வாயை மறைத்துவிடும். அப்படி வேலை பார்த்தவளுக்கு, சொந்த வீட்டுப் பூஜை அறையில் முகங்கள் இருப்பது கடைசி நிமிடம் வரை தோன்றவில்லை. இவர்கள் இங்கே எப்போதும் இருப்பவர்கள்.

"சார், அதெல்லாம் சாமி படம்."

"எனிக்கு அறியாம் மேடம்," என்றது குரல். ஆங்கிலம் போய், தெரியும் என்பது மலையாளத்தில் வந்தது. "என்டெ வீட்டிலயும் அதே பட்டாபிஷேகம் உண்டு. பட்சே சிஸ்டத்துக்குத் தெரியாது. அது பச்சை காட்டினாத்தான் எனக்கு ஸ்டார்ட் பட்டன் வரும். மூடுங்க, இல்லேன்னா எடுங்க. பதிமூணு நிமிஷம் இருக்கு."

மீரா கொல்லைக்கு ஓடிக் கொடியில் கிடந்த இரண்டு துண்டுகளையும் ஒரு போர்வையையும் உருவிக்கொண்டு வந்தாள். அறை வாசலில் அப்பா நின்றிருந்தார். இடுப்பில் பஞ்சகச்சம், கையில் வாட்ச். இன்று அரை நாள் லீவு போட்டிருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"என்னடி அது?"

"சாமியை மூடணும்ப்பா."

"துண்டாலயா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ஆத்துலே சாவு விழுந்தாத்தான் படத்தை மூடுவா. யாருடி செத்துருக்கா இங்கே?"

"சரி, கழட்டி வெளியிலே வெக்கட்டுமா?"

"பட்டாபிஷேகத்தையா? கிரகப்பிரவேசத்தன்னிக்கு ஆணியிலே ஏத்தினது. வாத்தியார் வந்து மந்திரம் சொல்லாம இறக்கப்படாது."

"சுவத்தைப் பார்த்துத் திருப்பி வெக்கலாமா?"

அவர் மகளைப் பார்த்த பார்வையில் எஞ்சினியரிங் விட்டதுகூட மன்னிக்கப்பட்டிருந்தது. பிறகு அறைக்குள் நுழைந்து லேப்டாப்பின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கட்டங்கள் இருபத்தைந்திலேயே நின்றன. மீரா வெளியே, அவர் உள்ளே.

"ஹலோ. நான் குட்டியோட அச்சன். உன் பேரென்ன மோனே?"

"ஜிபின், அங்கிளே."

"நாடு எவிடே?"

"நெய்யாற்றின்கரை."

"நெய்யாற்றின்கரையிலே எங்கே?"

"அப்பா!" என்றாள் மீரா வாசலிலிருந்து. "பதினோரு நிமிஷந்தான் இருக்கு."

"செரி. மோனே, அந்த ரூலை வாசி."

ஜிபின் வாசித்தான். விதி நான்கு, உட்பிரிவு இரண்டு: அறையில் விண்ணப்பதாரர் தவிர வேறு நபர் எவரும் இருக்கலாகாது.

"நபர்னா யாரு? டெஃபனிஷன் எங்கே?"

"டெஃபனிஷன் இல்லை அங்கிளே."

"டெஃபனிஷன் இல்லாம ரூலா? எங்க ஆபீஸா இருந்தா எழுதினவனுக்கு இன்னிக்கே மெமோ. கேட்டியா மோனே, சுவத்துலே மாட்டின படம் நபர் ஆகாது. பத்மநாபசுவாமி நபர் ஆகாது. நபர்னா என்ன? அவன் பேர்லே சொத்து இருக்கும், அவன் கேஸ் போடலாம், அவன் மேலே கேஸ் போடலாம். பகவான் பேர்லே..."

நின்றுவிட்டார். முப்பத்திரண்டு வருடம் தணிக்கை பார்த்த மனிதருக்கு, தெரிந்த உண்மையை மறைத்துப் பேச வராது. வந்திருந்தால் எப்போதோ பதவி உயர்ந்திருப்பார்.

"பகவான் பேர்லே என்ன அங்கிளே?" என்றான் ஜிபின்.

"சொத்து இருக்கு," என்றார் பஞ்சாபகேசன் மெதுவாக. "கோர்ட்டுலே தெய்வத்தை ஒரு நபராத்தான் எடுத்துக்கறா. கேஸும் போடலாம்."

"அப்போ ரூல் சரிதான்."

"சரிதான் போல இருக்கு."

"அப்பா, நீங்க எந்தப் பக்கம்?" என்றாள் மீரா.

"நான் எந்தப் பக்கமும் இல்லை. இருக்கறதைச் சொன்னேன்." சட்டென்று நிமிர்ந்தார். "நகைக்கடைப் பொண்ணு தெய்வம் இல்லை. அதைக் கழட்டலாம்." எழுந்து காலண்டரைக் கழற்றினார். ஆறு மாதமாகத் தினமும் கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்த பெண், சுருட்டப்பட்டு அவர் கக்கத்தில் போனாள். "இப்போ?"

"இருபத்தினாலு, உங்களையும் சேர்த்து," என்றான் ஜிபின். "எட்டு நிமிஷம்."

மீரா போர்வையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. தேர்வுக்கு அவள் அனுப்பிய படங்கள் பன்னிரண்டு. அத்தனையும் காலை ஆறு மணி கம்பெனி வண்டியில் வாயைப் பிளந்து தூங்குகிற சக ஊழியர்கள். இன்னும் எட்டு நிமிடத்தில் அவளும் அப்படியே ஆகி, தம்பானூர் கோச்சிங் சென்டரில் பின்பெஞ்சில் அதே வாயோடு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

அடுக்களையிலிருந்து நாகலக்ஷ்மி வந்தாள். கையில் தேங்காய்த் துருவலோடு ஒரு கிண்ணம். இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேச வேண்டியதைத் துருவி முடித்துவிட்டுத்தான் பேசுவாள்.

"ஏன்னா, கோவில்லே பகவான் சாப்பிடறச்சே என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவா? திரையைப் போடுவா. நடையைச் சாத்துவா. யாரும் பார்க்கப்படாது."

"அப்போ நைவேத்தியம் பண்ணுங்கோ."

பஞ்சாபகேசன் இதில் ஓட்டை எங்கே என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. கண்டுபிடித்தார்.

"நைவேத்தியம் ரெண்டு நிமிஷந்தாண்டி. இவளுக்கு முக்கால் மணி வேணும்."

"ஒருத்தர் சாப்பிட ரெண்டு நிமிஷம். இங்கே எத்தனை பேர்?" நாகலக்ஷ்மி லேப்டாப்பைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஏ கொழந்தே, மொத்தம் எத்தனை பேருன்னு சொன்னே?"

"முதல்லே இருபத்தஞ்சு, ஆன்ட்டி."

"கேட்டேளா? இருபத்தஞ்சு பேருக்கு ஒரு கிண்ணம் அவல். ஒருத்தருக்கொருத்தர் நீ சாப்பிடு, நீ சாப்பிடுன்னு உபசாரம் பண்ணிண்டு, பங்கு போட்டு, எடுத்துண்டு முடியறதுக்கு முக்கால் மணி ஆகாதா? உங்க அண்ணா ஆத்துக் கல்யாணத்துலே ஒரு பந்திக்கு எத்தனை நாழி ஆச்சு?"

"ஒண்ணேகால் மணி," என்றார் பஞ்சாபகேசன். அந்தக் கல்யாணத்தை அவர் மறக்கவில்லை. ஆனாலும் கணக்கைச் சரிபார்க்காமல் விட மாட்டார். "அந்த இருபத்தஞ்சுலே இவளும் ஒருத்தி. நகைக்கடைக்காரி ஒருத்தி. இருபத்திமூணு பேர்."

"குரங்குகளை யாரு எண்ணினா? பிள்ளையாரை யாரு எண்ணினா? அவா சாப்பிட மாட்டாளா?"

பஞ்சாபகேசன் பிள்ளையார் பக்கம் ஒரு முறை பார்த்தார். "துண்டு வேண்டாம்," என்றார். "மடியா ஒரு துணி கொண்டா."

நாகலக்ஷ்மியின் ஒன்பது கஜம் பட்டுப்புடவை வந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. துணி காயப்போடும் கிளிப்புகளால் ஆணிக்கு ஆணி மாட்டினார்கள். அப்பா ஒரு முனை, மகள் ஒரு முனை. கடைசியாக இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது எப்போது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்ள நேரமும் இல்லை. பத்மநாபசுவாமி மறைந்தார். முருகன் மறைந்தார். குருவாயூரப்பன் மறைந்தார். பட்டாபிஷேகம் கூட்டத்தோடு மறைந்தது. ஒன்பது கஜமும் தீர்ந்தபோது மூலையில் பிள்ளையார் மட்டும் வெளியே இருந்தார்.

"போச்சு," என்றாள் மீரா. "ஒரு முழம் குறையறது."

"இல்லை மேடம், அவர் இருக்கட்டும்," என்றான் ஜிபின். "சிஸ்டம் அவரைக் காண்றதில்லை. அங்கிள் வெளியே போனா ஒண்ணுதான் காட்டும். ஆனா..."

"என்ன ஆனா?" மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

"கீழே ஒரு பேப்பர் இருக்கு. குங்குமம் வெச்சது. பிரின்ட் பண்ணின பேப்பர் எதுவும் ரூம்ல பாடில்ல, கூடாது. ரூல் ஆறு."

புடவையின் கீழ்க்கரைக்கு வெளியே கோச்சிங் சென்டர் படிவம் நீட்டிக்கொண்டிருந்தது. மீரா அதைத் தொடவில்லை. நாகலக்ஷ்மியும் தொடவில்லை.

"பகவான் கால்லே வெச்சது," என்றார் பஞ்சாபகேசன்.

"மூணு நிமிஷம், அங்கிளே."

"ரூல் ஆறா?"

"ரூல் ஆறு."

"அதுலே டெஃபனிஷன் இருக்கா?"

"இருக்கு. 'அச்சிட்ட அல்லது கையால் எழுதிய எந்தத் தாளும்.'"

நல்ல விதி. அவரே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார். குனிந்து படிவத்தை எடுத்தார். காலண்டரை இடுக்கியிருந்த கக்கத்திலேயே அதையும் வைத்துக்கொண்டார். குங்குமம் வேட்டியில் கொட்டியது.

அவலில் வெல்லமும் தேங்காயும் பிசைந்து, துளசி போட்டு நாகலக்ஷ்மி கொடுத்தாள். அவர் புடவைக்குக் கீழே கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிள்ளையாருக்குத் தனியாக ஒரு சின்ன இலைத் துண்டில் ஒரு பிடி. தண்ணீர் சுற்றி மந்திரம் சொல்ல ஆரம்பித்தவர், லேப்டாப்பை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சப்தம் போடலாமா?"

"ஒரு நிமிஷம் வரைக்கும் போடலாம். சீக்கிரம் அங்கிளே."

இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டிராத வேகத்தில் மந்திரம் ஓடியது. மணியும் அடித்தாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எந்தா நாகம்மாமி, இன்னு விசேஷம் வல்லதும் உண்டோ?" என்று ஷைலஜா சேச்சி கத்தினாள்.

"ஒண்ணும் இல்லை! வாயை மூடிண்டு இரு!" என்று நாகலக்ஷ்மி கத்தினாள். அந்த மாதம் ரசப்பொடி இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"கதவு பூட்டணும்," என்றான் ஜிபின்.

அங்கேதான் இன்னொன்று இடித்தது. அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே வெள்ளிக் குத்துவிளக்கு இருப்பதால் வெளியே மட்டும் பித்தளைப் பூட்டு. மீரா அதைச் சொன்னாள். சொல்லும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

ஜிபின் விதியைப் படிப்பது கேட்டது. ஒரு முறை. இரண்டு முறை.

"பூட்டியிருக்க வேண்டும்னுதான் இருக்கு," என்றான். "எந்தப் பக்கம்னு இல்லை."

"டெஃபனிஷன் இல்லை," என்றார் பஞ்சாபகேசன். அன்று காலை முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு திருப்தி. "மோனே, நெய்யாற்றின்கரையிலே எங்கேன்னு அப்புறம் சொல்லு."

பகவானுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதால் பின்பக்கமாகவே நடந்து வாசற்படியைத் தாண்டினார். அந்த நடையில் கடைசிவரை அவர் கண்ணில் பட்டது மீராதான். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகலக்ஷ்மி வாட்சைக் காட்டினாள். மூடிக்கொண்டார்.

திரையில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம், மீராவின் முகத்தைச் சுற்றி. அது பச்சையானது. பத்து நாற்பத்து நான்கு. மூலையில் பிள்ளையார் யார் கணக்கிலும் வராமல் அவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீரா தாளை நேராக வைத்துப் பென்சிலை எடுத்தாள்.

பலாமரக் கதவு இரண்டு பாதியும் சேர்ந்தது. வெளியே கொண்டி விழுந்தது. பூட்டுக்குள் சாவி திரும்பியது. சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அப்பா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.